இரண்டு சுற்று இறகு

ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின் நீளமுள்ள தூண்டில் முள். அதன் தண்டின் முன்பகுதியில் ஓரடுக்காகச் சுற்றிய ஆரஞ்சு நிறப் பட்டு நூல். முள்ளின் கண்ணருகே கவுதாரி முதுகின் பழுப்பு இறகு, ஒன்றரைச் சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று. அவ்வளவுதான். வால் கிடையாது, சிறகு கிடையாது, பளபளக்கும் கம்பி கிடையாது. டிரவுட் மீன் பிடிக்கக் கட்டப்படும் இந்தச் சிறு பொருளுக்குப் பெயர் பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளிலும் ஸ்காட்லாந்தின் எல்லைப்புற ஆறுகளிலும் இதைப் போன்றவற்றை ‘சிலந்தி’ என்று அழைக்கிறார்கள். நீரின் மேல் மிதக்காமல் ஓரிரு அங்குலம் மூழ்கி வருவதால் இவை மூழ்கு ஈக்கள்.

ஈ என்று சொன்னாலும் எந்தப் பூச்சியையும் இது அச்சாகக் காட்டுவதில்லை. ஆற்றைப் பார்க்காதவர் கையில் கொடுத்தால், கட்டி முடிக்காத வேலை என்றுதான் நினைப்பார். ஆனாலும் இந்த வகை ஈக்களின் பட்டியல் ஒன்று 1807லேயே வார்ஃப் ஆற்றுப் பகுதியில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் உள்ள பல கட்டுமானங்களை இன்றும் மீன்பிடிப்போர் கட்டுகிறார்கள். இருநூறு ஆண்டுகள் ஒரு கருவி பெரிய மாற்றமின்றிப் புழக்கத்தில் இருந்தால் அதில் ஏதோ சரியாக அமைந்திருக்க வேண்டும். அந்த ‘ஏதோ’ எது என்பதில்தான் சிக்கல். இந்த மரபைப் போற்றுவோர் பெரும்பாலும் தவறான இடத்தைச் சுட்டுகிறார்கள். எந்தப் பறவையின் எந்த இறகு, எந்த எண் பட்டு நூல் என்ற செய்முறைப் பட்டியலைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார்கள். ஈயை நீரில் எப்படிச் செலுத்துவது என்ற கலையைக் கைநழுவ விட்டார்கள்.

முதலில் ஆற்றைப் பார்க்கவேண்டும். யார்க்‌ஷயரின் வார்ஃப், நிட், யூர் ஆறுகளும் ஸ்காட்லாந்தின் ட்வீட், கிளைடு ஆறுகளும் மழைநீரை நம்பியவை. மேட்டு நிலத்தில் மழை பெய்தால் சில மணி நேரத்தில் நீர் ஏறும், அதே வேகத்தில் வடியும். பாறையும் கூழாங்கல்லும் நிறைந்த படுகை, எங்கும் சலசலப்பு. தென் இங்கிலாந்தின் டெஸ்ட், இட்சன் போன்ற சுண்ணாம்புப் பாறை ஊற்று ஆறுகள் வேறு மாதிரி. அவற்றில் நீர் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே அளவில், தெளிவாக, நிதானமாக ஓடும். பாசியும் பூச்சியும் செழிக்கும். அங்கே வாழும் டிரவுட் மேலே மிதந்து வரும் பூச்சியை அருகே வரவிட்டு, உற்றுப் பார்த்து, பிடிக்காவிட்டால் விட்டுவிடும். வடக்கின் மழையாற்று டிரவுட்டுக்கு அந்த வசதி இல்லை. உணவு குறைவு, நீரோட்டம் வேகம். கண்ணில் பட்ட பொருளை எடுப்பதா விடுவதா என்பதைக் கண நேரத்தில் முடிவு செய்தாகவேண்டும்.

அந்தக் கண நேரத்தில் மீனுக்குத் தெரிவது என்ன? மேஃப்ளை வகைப் பூச்சிகள் வாழ்நாளில் பெரும்பகுதியை ஆற்றுப்படுகையில் இளம்பூச்சிகளாகக் கழிக்கின்றன. பருவம் வந்ததும் நீர்மட்டத்துக்கு எழுந்து, தோலைப் பிளந்து, சிறகை விரித்துப் பறக்கின்றன. அந்த எழுச்சியின் கடைசி அங்குலங்களில்தான் அவை மிகவும் கையறு நிலையில் இருக்கின்றன. பாதி உரித்த தோல், நனைந்து மடங்கிய சிறகு, உதறும் கால்கள். பேட்டிஸ் இனத்துப் பெண்பூச்சிகள் இன்னொரு விதத்திலும் மீனுக்கு இரையாகின்றன: கல்லைப் பற்றியபடி நீருக்குள் இறங்கி முட்டையிடும், பிறகு சோர்ந்து நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும். காடிஸ் பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் இப்படித்தான் மேலேறுகின்றன. வரையறுத்த உருவம் இல்லாத, ஆனால் அசையும், ஒளி ஊடுருவும் சிறு பொருள் என்ற அளவில் இவை எல்லாம் ஒன்றே.

சிலந்தி ஈயின் வெற்றி இங்கிருந்து வருகிறது. சேவலின் கழுத்து இறகு விறைப்பானது; நீரைத் தள்ளி நிற்கும்; மிதக்கும் ஈக்கு அதுவே பொருத்தம். கவுதாரி, உள்ளான், தாழைக்கோழி, ஸ்டார்லிங் ஆகியவற்றின் உடல், சிறகு இறகுகள் மென்மையானவை. நீரை உறிஞ்சித் துவளும். நீரோட்டம் இறுக்கும்போது இழைகள் பின்னோக்கி உடலோடு ஒட்டும், தளரும்போது விரியும். கட்டியவர் செய்ய முடியாத அசைவை ஆறு செய்து கொடுக்கிறது. பட்டு நூலும் வெறும் நிறத்துக்காக அல்ல. நனைந்ததும் ஆரஞ்சு பழுத்து இருண்ட செம்பழுப்பாகும். மெழுகிட்ட மஞ்சள் நூல் ஆலிவ் பச்சைக்கு இறங்கும். அடியில் உள்ள முள்ளின் கருமை இலேசாக ஊடுருவித் தெரியும். இதனால்தான் இறகு குறைவாக இருக்கவேண்டும். மூன்றாவது சுற்றுப் போட்டால் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி அடர்ந்துவிடும், அசைவு செத்துவிடும். கடைகளில் விற்கும் சிலந்திகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே தோற்றுவிடுகின்றன. தாராளமாகக் கட்டினால் வாங்குபவர் மகிழ்வார் என்பது வியாபாரிக்குத் தெரியும்.

இப்போது முறைக்கு வரலாம். 1496இல் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட ஆங்கிலத் தூண்டில் நூலிலேயே பன்னிரண்டு ஈக்களுக்குக் குறிப்புகள் உண்டு. ஆக, செயற்கை ஈயை யார் கண்டுபிடித்தார் என்று தேடுவதில் பொருளில்லை. ஆனால் மூழ்கு ஈயை எப்படி வீசவேண்டும் என்று காரணகாரியத்தோடு வாதிட்ட நூல் 1857இல் வந்தது. டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் எழுதிய ‘த ப்ராக்டிகல் ஆங்க்லர்’. எல்லைப்புற ஆறுகளில் தெளிந்த நீரில் மீன் பிடிப்பதே அவர் பொருள்.

ஸ்டூவர்ட்டின் வாதம் எளிமையானது, இன்றும் மறுக்கக் கடினமானது. டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கித் தலைவைத்து நிற்கும். மேலே நின்று கீழ்நோக்கி வீசுபவரை அது பார்த்துவிடும்; கீழே நின்று மேல்நோக்கி வீசுபவர் அதன் முதுகுப்புறம் இருக்கிறார். மேலிருந்து தூண்டிலைச் சுண்டினால் முள் மீனின் வாயைவிட்டு வெளியே இழுபடும். கீழிருந்து சுண்டினால் வாய்க்குள் தைக்கும். பிடிபட்ட மீன் கீழே வரும்போது இன்னும் வீசாத நீர் கலங்குவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, மேல்நோக்கி வீசிய ஈ, உயிருள்ள பூச்சியைப் போலவே நீரோட்டத்தின் வேகத்தில் தானாக இறங்கி வரும்.

இத்தனை தீவிரமாக முறையைப் பற்றி எழுதியவர் ஈக்களைப் பற்றி எவ்வளவு கவலைப்பட்டார்? சிலந்திகளில் அவருக்கு மூன்று போதும்: கறுப்பு, சிவப்பு, சாம்பல். கறுப்புச் சிலந்தியை ஜேம்ஸ் பெய்லி என்ற மீனவரிடமிருந்து பெற்றதாக அவரே சொல்கிறார். யார்க்‌ஷயர்க்காரர்களைப் போல இறகைத் தலையருகே மட்டும் சுற்றாமல், நூலோடு முறுக்கி உடலின் பாதிவரை இறக்கினார். மென்மையான இறகு சில மீன்களிலேயே பிய்ந்துவிடும் என்பது இந்த ஈக்களின் தீராத குறை. அந்தக் குறைக்கு அவர் கண்ட மருந்து அது.

மூன்று சிலந்திகளோடு ஸ்டூவர்ட் நின்ற இடத்திலிருந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1885இல் டி. இ. பிரிட் வெளியிட்ட ‘யார்க்‌ஷயர் டிரவுட் ஃப்ளைஸ்’ நூலில் வண்ணப் படங்களோடு அறுபதுக்கும் மேற்பட்ட ஈக்கள் இருந்தன. அடுத்த ஆண்டே அது வேறு தலைப்பில் மறுபதிப்பானது. பிரிட்டின் நூல் அழகானது, நேர்மையானதும்கூட. வடநாட்டு மீனவர்களிடம் வாய்மொழியாக இருந்ததைத் தொகுத்துக் காப்பாற்றியதற்கு அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பட்டியல் என்ற வடிவத்துக்கு ஒரு குணம் உண்டு. படிப்பவர் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்கிறார். தாழைக்கோழிச் சிறகின் உட்புற இறகா வெளிப்புற இறகா, அகழெலியின் மயிரா நீரெலியின் மயிரா என்ற விவாதம் தொடங்கிவிட்டால், அந்த ஈ நீரில் எந்தத் திசையில் போகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும்.

போனது. செய்முறையின் மீதான பக்தி சில சமயம் வேடிக்கையாகவும் இருந்திருக்கிறது. டெவன் மாவட்டத்து டிவர்ட்டனில் ஆர். எஸ். ஆஸ்டின் கட்டிய ஓர் ஈயின் உடலில் ஆட்டுக்கிடாவின் விரைப்பை மயிர் கலந்திருந்தது. தூண்டில் எழுத்தாளர் ஜி. இ. எம். ஸ்க்யூஸ் அதற்கு ‘டப்ஸ் இண்டிஸ்பென்சபிள்’ என்று பெயர் சூட்டினார். அதன் கலவை பல ஆண்டுகள் வியாபார ரகசியமாகக் காக்கப்பட்டது. கிடா மயிர் இல்லாமலும் அந்த ஈ மீன் பிடிக்கும் என்பது ரகசியம் வெளிவந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்துபோனது. இளஞ்சிவப்பு கலந்த வெண்மஞ்சள் நிறம் ஒன்றே தேவைப்பட்டது; அது எங்கிருந்து வந்தது என்பது மீனுக்கு அக்கறை இல்லாத விஷயம்.

வேடிக்கையாக இல்லாத பக்கமும் உண்டு. ஸ்டூவர்ட்டின் சாம்பல் சிலந்திக்கு டாட்டரெல் என்ற மலைப்பறவையின் இறகு வேண்டும். சிவப்புச் சிலந்திக்கு கார்ன்கிரேக்கின் இறகு. இரண்டும் பிரிட்டனில் அருகிப்போன பறவைகள். அதற்கு வேளாண்மை மாற்றங்கள் உள்ளிட்ட பல காரணங்கள் உண்டு. ஆனால் டாட்டரெல் வேட்டையாடப்பட்டதற்குத் தூண்டில் ஈயும் ஒரு காரணம். இன்று 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது பாதுகாக்கப்பட்ட பறவை. இந்தப் பசி தமிழ்நிலத்தையும் தொட்டிருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்து இறகில் மெழுகுபோன்ற மஞ்சள் புள்ளிகள் உண்டு. சால்மன் ஈக்களுக்கும், டன்கெல்ட் போன்ற ஏரி டிரவுட் ஈக்களுக்கும் ‘கண்’ வைக்க அந்த இறகு பெருமளவில் பிரிட்டனுக்குக் கப்பலேறியது. ஏற்றுமதிக்குத் தடை வந்த பின் அங்கே காட்டுக்கோழியைப் பண்ணையில் வளர்க்கத் தொடங்கினார்கள். அதே மலைகளின் ஓடைகளில் வெள்ளையர்கள் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் முயற்சியால் நீலகிரியில் வானவில் டிரவுட் நிலைகொண்டது, அவலாஞ்சியில் பொரிப்பகமும் எழுந்தது. இறகு அங்கே போனது, மீன் இங்கே வந்தது. எளிய சிலந்தியின் பெருமை, இந்தக் கொள்ளையில் அதன் பங்கு சிறியது என்பதே. அதற்குத் தேவையான கவுதாரியும் ஸ்டார்லிங்கும் அங்கே சமையலறைக்கும் தோட்டத்துக்கும் தாமே வந்தவை.

டாட்டரெல் கிடைக்காமல் போனபோது என்ன நடந்தது என்பது நல்ல சான்று. மீனவர்கள் கோல்டன் ப்ளோவர் இறகுக்கும் ஸ்டார்லிங் இறகுக்கும் மாறினார்கள். மீன் தொடர்ந்து சிக்கியது. தலைமுறைகளாக எல்லோரும் நம்பியிருந்த பியர்சால் கம்பெனியின் காஸமர் பட்டு நூல் உற்பத்தி நின்றபோது, பழைய கண்டுகளை ஏலத்தில் எடுத்துப் பதுக்கியவர்கள் உண்டு. வேறு பட்டு வாங்கியவர்களுக்கும் மீன் சிக்கியது. மென்மை, மெலிவு, ஓரளவு சரியான நிறம் ஆகிய மூன்றும் இருந்தால் மற்றவை கட்டுபவரின் இன்பத்துக்கு. அந்த இன்பத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அதை மீன்பிடி அறிவு என்று காட்டும்போதுதான் கேள்வி எழுகிறது.

பட்டியலுக்குத் துணைநின்ற இன்னொரு பழக்கம், ஒவ்வோர் ஈக்கும் ஒரு பூச்சியைச் சொந்தம் கொண்டாடுவது. சில பொருத்தங்கள் நியாயமானவை. ஊதா நூலும் உள்ளான் இறகும் சேர்ந்த ஸ்னைப் அண்ட் பர்ப்பிள், குளிர்ந்த நாளில் எழும் கருநீலச் சிறு மேஃப்ளைக்கு நெருக்கமானது. மெழுகிட்ட மஞ்சள் நூலில் மயிர் தூவிய வாட்டர்ஹென் ப்ளோ, வசந்தகாலத்து ஆலிவ் பூச்சிக்குப் பொருந்தும். ஆனால் பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சை ஒருவர் கல்பூச்சி என்பார், ஒருவர் முட்டையிட்டுச் சோர்ந்த மேஃப்ளை என்பார், ஒருவர் காடிஸ் என்பார். எல்லாமாகவும் இருக்கக்கூடியது என்றால் எதையும் குறிப்பாகப் போலச் செய்யவில்லை என்றுதான் பொருள். மீன் எடுத்தால் ஈ சரி, எடுக்காவிட்டால் வானிலை சரியில்லை என்ற கணக்கில் எந்தக் கொள்கையும் தோற்காது.

வடநாட்டு ஈக்களுக்கு எதிரான பழைய குற்றச்சாட்டு தெற்கிலிருந்து வந்தது. எஃப். எம். ஹால்ஃபோர்ட் 1886இல் மிதக்கும் ஈக்களைப் பற்றிய நூலை எழுதிய பிறகு, டெஸ்ட் ஆற்றங்கரையில் மிதக்கும் ஈ மட்டுமே கண்ணியமானது, மூழ்கு ஈ குருட்டாம்போக்கில் ஆற்றைத் துழாவுவது என்ற எண்ணம் விதியாக இறுகியது. இதில் பாதி வர்க்கத் திமிர். ஊற்றாற்றில் உண்மையானது மழையாற்றுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்ட அறியாமை மீதி. ஸ்டூவர்ட்டைப் படித்திருந்த ஸ்க்யூஸ், 1910இல் ‘மைனர் டாக்டிக்ஸ் ஆஃப் த சாக் ஸ்ட்ரீம்’ நூலில், தெற்கின் தெளிநீரிலும் டிரவுட் நீருக்கடியில்தான் பெரும்பாலும் உண்கிறது, குறிப்பிட்ட மீனைப் பார்த்து மூழ்கு ஈயை மேல்நோக்கி வீசலாம் என்று காட்டினார். அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. எண்பதை நெருங்கிய வயதில், 1938இல், லண்டனின் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் தன் முறைக்காக வாதாட வேண்டியிருந்தது.

ஆனாலும் ‘குருட்டாம்போக்கு’ என்ற சொல்லை முழுதாகத் தள்ளிவிட முடியாது. அது சிலந்தியைச் சுடவில்லை. சிலந்தியை வீசும் ஒரு வழியைச் சுடுகிறது. ஆற்றுக்குக் குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீசி, கயிறு இறுக, அதில் கட்டிய மூன்று ஈக்களும் வளைந்து கரைக்குத் திரும்பும்வரை காத்திருந்து, ஓரடி நகர்ந்து மறுபடி வீசும் வழி அது. அமெரிக்காவில் ஜேம்ஸ் லைசன்ரிங் 1941இல் எழுதிய நூல் மூழ்கு ஈயைக் குறிப்பிட்ட இடத்தில் மேலெழச் செய்யும் நுணுக்கத்தைக் கற்றுத்தந்தது. ஆனால் பரவலான மறுமலர்ச்சி சில்வெஸ்டர் நெமஸ் 1975இல் எழுதிய நூலால் வந்தது. அவரோடு சேர்ந்து குறுக்காக வீசும் வழியும் பரவியது. நெமஸ் கவனமாகக் கயிற்றைத் திருத்தித் திருத்தி ஈயை மெதுவாக்கினார். அவரைப் பின்பற்றிய பலர் அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டுச் சுழற்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

குறுக்கு வீச்சு ஏன் பிடித்துப்போனது என்பது விளங்கக்கூடியதே. கயிறு எப்போதும் இறுக்கமாக இருப்பதால் மீன் தொட்டால் கை உணரும். ஸ்டூவர்ட்டின் வழியில் கயிறு தளர்ந்து நம்மை நோக்கி வரும். மீன் எடுத்ததைக் கண்ணால் மட்டுமே அறியமுடியும், நீருக்கடியில் ஒரு மின்னல், கயிற்று நுனியில் ஒரு தயக்கம். அதைப் பழக ஆண்டுக்கணக்கில் ஆகும். குறுக்கு வீச்சில் முதல் நாளே புதியவருக்கு மீன் சிக்கும். விலையும் உண்டு. தொட்டு விலகும் மீன்கள் ஏராளம். உதட்டு நுனியில் தைத்து நழுவும் மீன்கள் அதைவிட. கடலுக்குப் போகாத சால்மன் குஞ்சுகள் இப்படி இழுபடும் சின்ன ஈக்களின் மேல் பாய்ந்து விழுகின்றன. ட்வீட், ஈடன் போன்ற சால்மன் ஆறுகளில் மூன்று முட்களோடு இப்படித் துழாவுவது கவலைக்குரியது. முள்ளின் பின்னோக்கிய சிறு கூரை நசுக்கிவிடுவதும், மூன்றுக்குப் பதில் ஒன்றிரண்டு ஈ கட்டுவதும் எளிய பரிகாரங்கள். மரபின் பெயரால் இவற்றை மறுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இன்னொரு வரம்பு ஈயிலேயே இருக்கிறது. எடையற்றது, ஆகவே மேல்நீரைத் தாண்டாது. பூச்சி எழாத குளிர்ந்த நாட்களிலும், வெள்ளம் வடியும் போதும் டிரவுட் அடிப்படுகையை விட்டு வராது. அங்கே சிலந்தியால் ஆகக்கூடியது மிகக் குறைவு. ஏவன் ஆற்றின் காவலர் ஃப்ராங்க் சாயர், செம்புக் கம்பியும் ஃபெசன்ட் வால் இழையும் கொண்டு கட்டிய ஈயால் இந்த இடைவெளியை முதலில் தீர்த்தார். பின்னர் செக், போலந்து மீனவர்களின் கனத்த ஈக்கள் வந்தன, அதன்பின் டங்ஸ்டன் மணிகள். ஆழத்துக்கு இவை, எழுச்சி நேரத்துக்குச் சிலந்தி. இதை ஒப்புக்கொண்டால் மரபுக்குக் குறைவொன்றுமில்லை.

சிலந்தியின் அடிப்படை வடிவம் யார்க்‌ஷயரின் தனிச்சொத்து அல்ல என்பது அதன் வலிமைக்கு இன்னொரு சாட்சி. ஜப்பானின் மலையோடைகளில் டென்காரா மீனவர்கள் ராட்டினம் இல்லாத நீண்ட கோலில் கட்டிய கெபாரி ஈக்களும், இத்தாலியின் வால்செசியா பள்ளத்தாக்கில் குதிரை வால்மயிர்க் கயிற்றில் கட்டிய ஈக்களும் நூலும் இறகும் மட்டுமே. ஒருவரை ஒருவர் அறியாத மலைவாசிகள், விரைந்தோடும் குளிர்நீரில், ஏறக்குறைய ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். டென்காராவில் ஒரே ஒரு வகை ஈயோடு காலம் கழிப்பவர்களும் உண்டு. படகோனியா ஆடை நிறுவனத்தை நிறுவிய ஈவான் ஷூனார்ட் ஓராண்டு முழுதும் ஃபெசன்ட் வாலும் கவுதாரி இறகும் கொண்ட ஒரே வகை ஈயை, அளவை மட்டும் மாற்றி, பல நாட்டு ஆறுகளில் வீசிப் பார்த்தார். மீனுக்குக் குறைவில்லை என்று எழுதினார். அறுபது ஈக்களின் பட்டியலுக்கு இதைவிடக் கடுமையான விமரிசனம் எழுதுவது கடினம். ஷூனார்ட் தேர்ந்த கை என்பதையும் மறக்கக்கூடாது; ஈக்களைக் குறைத்தபோது அவர் கூட்டியது செலுத்தும் திறமையை.

ஐரோப்பியப் போட்டி மீனவர்களின் இன்றைய கட்டுமானத்தில் சிலந்திக்கு மறுபடி இடம் கிடைத்திருக்கிறது. நீண்ட மெல்லிய கோல், குறுகிய கயிறு, கீழே கனத்த டங்ஸ்டன் ஈ, அதற்கு இரண்டடி மேலே கிளைநரம்பில் ஒரு மென்னிறகு ஈ. இடுப்பளவு நீரில் இறங்கி, மீனின் முதுகுப்புறமாக அணுகி, மேல்நோக்கி வீசி, கயிறு தயங்கும் கணத்தைக் கண்ணால் பிடிக்கிறார்கள். ஸ்டூவர்ட் தெளிநீருக்காக எழுதிய காரணங்கள் ஏறக்குறைய அப்படியே இவர்கள் கையில் வேலை செய்கின்றன. இவர்களில் பலருக்குப் பிரிட்டின் ஈக்களில் பாதியின் பெயர்கூடத் தெரியாது. பெயர்களை எல்லாம் அறிந்தவர்களோ வார்ஃப் ஆற்றங்கரையில் இன்னமும் கீழ்நோக்கி வீசிக்கொண்டிருக்கிறார்கள், பூச்சி எழும் மாலைகளில் அவர்களுக்கும் மீன் கிடைக்கத்தான் செய்கிறது.